கிரேக்க வேதாகமத்தில் ஓர் எபிரெயப் பெயர்: மூலத்தையும் பொருளையும் தேடும் முறை

ஒரு வேதாகமப் பெயருக்கு என்ன பொருள் என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் கடைசிப் படியில்தான் தொடங்குகிறார்கள். பெயரைத் தேடுபெட்டியில் போட்டு முதலில் வரும் பொருளை எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பொருள் எந்த மொழியில் எந்த எழுத்துகளிலிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் பதில் இருக்காது. எழுத்து வடிவம் முதலில், மூலம் அடுத்தது, பொருள் அதற்குப் பிறகு, வசனத்தில் அந்தப் பொருளுக்கு வேலை உண்டா என்பது எல்லாவற்றுக்கும் கடைசியில். இந்த வரிசை மாறினால் எந்தப் படியும் சரியாக அமையாது.

எடுத்துக்காட்டாக 'இயேசு' என்ற பெயரையே வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் தெரிந்த பெயர், அதே சமயம் மிக அதிகமாகத் தவறு நடக்கும் பெயர்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எபிரெய மொழியைப் படித்து முடித்திருக்கத் தேவையில்லை. எழுத்துகளை அடையாளம் காணத் தெரிந்தால் போதும். தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் 119ஆம் சங்கீதத்தைத் திறந்தால், எட்டு எட்டு வசனங்களுக்கு மேலே ஆலெப், பேத் என்று 22 எபிரெய எழுத்துகளின் பெயர்களும் வரிசையாக இருக்கும். அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கிரேக்க எழுத்துகள் 24. அவற்றை ஒரே மாலையில் பழகிவிடலாம்.

அப்புறம் மூன்று பிரதிகள் வேண்டும்: கிரேக்கப் புதிய ஏற்பாடு, எபிரெயப் பழைய ஏற்பாடு, அந்தப் பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்த். மூன்றும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. புதியவர்கள் மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் அதுதான் பாலம். எந்த எபிரெயப் பெயரை அக்கால யூதர்கள் கிரேக்கத்தில் எப்படி எழுதினார்கள் என்பதற்கு அதைவிட நேரடியான சான்று கிடையாது. ஓர் எச்சரிக்கை: சங்கீதம், எரேமியா போன்ற நூல்களில் செப்துவஜிந்தின் எண்வரிசை எபிரெயப் பிரதியிலிருந்து மாறுபடும். வசனம் கிடைக்கவில்லை என்று கைவிடும் முன் பக்கத்து அதிகாரத்தையும் பார்த்துவிடுங்கள்.

ஸ்ட்ராங் எண்கள், அதாவது வேதாகமத்தின் ஒவ்வொரு எபிரெய, கிரேக்கச் சொல்லுக்கும் ஸ்ட்ராங் அகராதி தந்த எண்கள், தேடலுக்கு மிகவும் உதவும். இயேசு என்ற கிரேக்கப் பெயருக்கு எண் 2424. இந்த எண் சரியான பக்கத்துக்குக் கொண்டுபோய் விடும். அந்தப் பக்கத்தில் உள்ள ஒற்றை வரி விளக்கத்தோடு நின்றுவிடக் கூடாது. ஏன் என்பது 6ஆம் படியில் தெரியும்.

2. தமிழ் எழுத்தை ஒதுக்கிவிட்டு, கிரேக்க வடிவத்தை எழுதுங்கள்

தமிழ் வடிவத்திலிருந்து நேராக எபிரெயத்துக்குத் தாவ முடியாது. காரணம் எளியது. நம் எழுத்தில் 'க' ஒன்றுதான். காயீனிலும் காபிரியேலிலும் முதலெழுத்து ஒன்றுபோலத் தெரிகிறது. எபிரெயத்தில் ஒன்று கோப், மற்றொன்று கிமெல். கிரேக்கத்தில் ஒன்று கப்பா, மற்றொன்று காமா. தமிழைப் பார்த்து வேர்ச்சொல்லை ஊகித்தால் முதல் எழுத்திலேயே வழி தவறிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. தமிழ் வேதாகமம் சில இடங்களில் ஒரே பெயரை இரண்டாகக் காட்டுகிறது, சில இடங்களில் இரண்டை ஒன்றாக்குகிறது. பழைய ஏற்பாட்டில் மிரியாம், புதிய ஏற்பாட்டில் மரியாள்: கிரேக்கத்தில் அடிப்படைப் பெயர் ஒன்றே. மறுபக்கம், முற்பிதாவான யாக்கோபும் அப்போஸ்தலனான யாக்கோபும் தமிழில் ஒரே எழுத்து. கிரேக்கத்திலோ முற்பிதா 'யாக்கோப்', அப்போஸ்தலன் 'யாக்கோபொஸ்'.

ஆகவே கிரேக்க வடிவத்தை எழுத்தெழுத்தாக எழுதிக்கொள்ளுங்கள். நம் பெயரில் வருபவை: அயோட்டா, ஈட்டா, சிக்மா, ஓமிக்ரான், உப்சிலான், சிக்மா. ஓமிக்ரானும் உப்சிலானும் சேர்ந்தால் 'ஊ' ஒலி. பண்டைய ஒலிப்பில் ஏறத்தாழ 'இயேசூஸ்'. இன்றைய கிரேக்கர்கள் 'இஇசூஸ்' என்பார்கள், ஏனென்றால் ஈட்டா பின்னாளில் 'இ' ஆகிவிட்டது. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதாமல் எழுத்தைப் பார்த்து எழுதச் சொல்வது இதனால்தான்.

3. வேற்றுமை விகுதியைக் கழற்றுங்கள்

தமிழில் எழுவாய்க்கு உருபு கிடையாது. 'இயேசு வந்தார்' என்கிறோம், 'இயேசுவை', 'இயேசுவின்' என்று வரும்போதுதான் ஒட்டுகிறோம். கிரேக்கத்தில் எழுவாய்க்கே ஒரு விகுதி வேண்டும். 'இயேசூஸ்' எழுவாய், 'இயேசூன்' செயப்படுபொருள், 'இயேசூ' உடைமை. கடைசி 'ஸ்' பெயரின் பகுதியே அல்ல, இலக்கணம் கேட்டு ஒட்டிய எழுத்து.

இந்தப் படியைத் தாண்டியதால் வந்த பெரிய குழப்பம் ஒன்று இன்னும் பரவிக்கொண்டிருக்கிறது. 'சூஸ்' என்ற ஈற்றைப் பார்த்து, கிரேக்கக் கடவுள் சீயுஸின் பெயர் உள்ளே ஒளிந்திருக்கிறது என்கிறார்கள். சீயுஸ் என்ற பெயரின் எழுத்துகள் ஜீட்டா, எப்சிலான், உப்சிலான், சிக்மா. நம் பெயரில் ஜீட்டாவும் இல்லை, எப்சிலானும் இல்லை. 'ஸ்' விகுதி, 'இயேசூன்' என்று மாறும்போது அது காணாமல் போகிறது. எழுத்தை எழுதிப் பார்த்தாலே இந்த வாதம் நிற்காது.

எல்லாப் பெயரும் விகுதி ஏற்காது. தாவீது, ஆபிரகாம், முற்பிதா யாக்கோபு ஆகிய பெயர்கள் கிரேக்கத்திலும் மாறாமலே நிற்கும். அங்கே கழற்ற எதுவும் இல்லை. கடைசி எழுத்தை அவசரமாக வெட்டிவிடாதீர்கள்.

4. எழுத்துக்கு எழுத்து பின்னோக்கிப் போங்கள்

இப்போது கையில் இருப்பது 'இயேசூ'. ஒவ்வோர் ஒலிக்கும் எந்த எபிரெய எழுத்து மூலமாக இருக்கலாம் என்று எழுதுங்கள். விடை ஒன்றாக இருக்காது, ஒரு பட்டியலாகத்தான் வரும்.

சொல்முதல் அயோட்டா பெரும்பாலும் யோட். இதில் சிக்கல் இல்லை. சிக்மாவில்தான் சிக்கல். கிரேக்கத்தில் 'ஷ' ஒலி இல்லை. அதனால் ஷீன், ஸீன், சாமெக், த்சாதே ஆகிய நான்குமே சிக்மாவில் வந்து விழும். சீயோனின் முதலெழுத்து த்சாதே, சாலொமோனின் முதலெழுத்து ஷீன், கிரேக்கத்தில் இரண்டும் சிக்மா. நான்கு வாய்ப்புகளையும் எழுதிவைத்துக்கொண்டே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

இதைவிடக் கடினம், கிரேக்கத்தில் தடமே இல்லாமல் மறையும் எழுத்துகள். ஆலெப், ஹே, ஆயின், பல இடங்களில் கேத். தொண்டையில் பிறக்கும் இந்த ஒலிகளுக்குக் கிரேக்கத்தில் எழுத்து கிடையாது. அன்னாள் என்ற பெயரின் முதலில் எபிரெயத்தில் கேத் இருக்கிறது, கிரேக்கத்தில் வெறும் 'அ'. அதே கேத் ராகேலின் நடுவில் வரும்போது 'கை' என்ற கிரேக்க எழுத்தாக நிற்கிறது. ஆயின் என்ற எழுத்தும் அப்படித்தான்: பெரும்பாலும் மறையும், ஆனால் காசாவிலும் கொமோராவிலும் காமாவாகி நிற்கும். அவ்விரண்டு ஊர்ப் பெயர்களும் எபிரெயத்தில் ஆயினில்தான் தொடங்குகின்றன. ஆயின் என்ற ஒரே எழுத்து ஒரு காலத்தில் இரண்டு வேறு ஒலிகளைக் குறித்ததன் தடயம் இது.

வல்லொலிகளில் ஒழுங்கு அதிகம் (முதலில் சொல்வது எபிரெய எழுத்து, அடுத்தது கிரேக்க எழுத்து). கோப் கப்பா ஆகும், கப் பெரும்பாலும் 'கை' ஆகும். தேத் டௌ ஆகும், தௌ தீட்டா ஆகும். விதிவிலக்குகளும் உண்டு: நாசரேத்தின் நடுவில் எபிரெயத்தில் த்சாதே, கிரேக்கத்தில் சிக்மாவுக்குப் பதில் ஜீட்டா.

நம் பெயருக்கு வருவோம். யோட், அடுத்து ஓர் 'ஏ' உயிர், நான்கில் ஒரு சகர எழுத்து, 'ஊ' ஒலிக்கு வாவ், கடைசியில் மறைந்துபோன எழுத்து ஏதாவது இருக்கலாம். இதற்கு மேல் ஊகம் வேண்டாம்.

5. செப்துவஜிந்தில் அதே பெயரைத் தேடுங்கள்

பட்டியலைச் சுருக்கும் இடம் இதுதான். 'இயேசூஸ்' என்று செப்துவஜிந்தில் தேடினால் முதலில் ஆச்சரியம்தான் வரும். யோசுவாவின் புத்தகத்துக்கே அங்கே தலைப்பு 'இயேசூஸ்'. நூனின் குமாரனான யோசுவாவின் பெயர் வருகிற இடங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இதே பெயர்தான்.

எண்ணாகமம் 13:16ஐ மூன்று பிரதிகளிலும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தமிழில் மோசே ஓசேயாவுக்கு யோசுவா என்று பேரிடுகிறார். எபிரெயத்தில் ஹோஷேயா, யெஹோஷுவா. கிரேக்கத்தில் 'அவுசே' என்பவர் 'இயேசூஸ்' ஆகிறார். அதே வசனத்தில் தகப்பன் பெயரான நூன், கிரேக்கத்தில் 'நவே' என்று நிற்பதையும் கவனியுங்கள். எந்த ஒலி விதியும் இதை விளக்காது. கிரேக்கப் பெரிய எழுத்தில் நூவும் ஈட்டாவும் ஒன்றுபோலத் தெரிவதால், படியெடுத்தவர்கள் மாற்றிப் படித்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. விதியை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தால் நவேயிலிருந்து நூனுக்கு ஒருநாளும் வந்து சேர முடியாது. எழுத்து விதி வாய்ப்புகளைத் தரும், இணைப் பிரதிதான் அவற்றை உறுதி செய்யும்.

இந்தப் படியைச் செய்தவருக்குப் புதிய ஏற்பாட்டிலும் ஒரு பலன் கிடைக்கும். அப்போஸ்தலர் 7:45, எபிரெயர் 4:8 ஆகிய இரண்டிலும் கிரேக்கத்தில் இருப்பது 'இயேசூஸ்' என்ற இதே பெயர்தான். பேச்சு கானானுக்குள் போன தலைவரைப் பற்றியது என்பதால் தமிழில் 'யோசுவா' என்று போட்டிருக்கிறார்கள். சரியான முடிவு. ஆனால் எபிரெயர் 4ஆம் அதிகாரத்தைக் கிரேக்கத்தில் கேட்டவர்கள், 8ஆம் வசனத்தில் இளைப்பாறுதல் தராத இயேசூஸையும், 14ஆம் வசனத்தில் தேவனுடைய குமாரனாகிய இயேசூஸையும் ஒரே பெயராகவே கேட்டார்கள். தமிழில் அது காதில் விழாது.

6. இடையில் உள்ள வடிவத்தைத் தாண்டிவிடாதீர்கள்

ஸ்ட்ராங் அகராதி 2424லிருந்து நேராக எபிரெய எண் 3091க்கு, அதாவது யெஹோஷுவாவுக்குப் போகச் சொல்லும். திசை சரிதான், ஒரு நிறுத்தம் விட்டுப்போகிறது. யெஹோஷுவாவில் 'யெஹோ' இருக்கிறது. அதிலிருந்து நேராக வந்திருந்தால் கிரேக்கத்தில் ஓர் 'ஓ' தெரிய வேண்டும். நம்மிடம் இருப்பதோ ஈட்டா, நீண்ட 'ஏ'.

விட்டுப்போன நிறுத்தம் 'யேஷுவா', எண் 3442. யோட், ஷீன், வாவ், ஆயின் என்று நாலே எழுத்து. எஸ்றா, நெகேமியா, நாளாகமம் ஆகிய பிற்கால நூல்களில் இது வருகிறது. இரண்டும் ஒரே பெயர் என்பதை வசனத்தை வைத்தே காட்டலாம். ஆகாய் 1:1இல் பிரதான ஆசாரியர் பெயர் யெஹோஷுவா, எஸ்றா 3:2இல் அதே ஆள் யேஷுவா. நெகேமியா 8:17இல் நூனின் குமாரனே யேஷுவா என்று எழுதப்பட்டிருக்கிறார்.

வடிவம் சுருங்கிய விதமும் விளங்கக்கூடியதே. நடுவில் உள்ள ஹே மெலிந்து மறைய, 'யோஷுவா' போல ஒன்று மிஞ்சும். 'ஓ', 'ஊ' என்று இதழ் குவிக்கும் இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து வருவதால் முதலாவது 'ஏ' ஆக விலகியது. அந்த 'ஏ'தான் ஈட்டாவாகக் கிரேக்கத்துக்குப் போனது. ஷீன் சிக்மாவானது, வாவ் 'ஊ' ஆனது, கடைசி ஆயின் மறைந்தது. அந்த ஆயினை ஒட்டி ஒலிக்கும் சிறு 'அ'வும் அதோடு போனது. மிஞ்சியது 'இயேசூ', கூடவே விகுதி 'ஸ்'. ஓர் எழுத்துகூட விளக்கமில்லாமல் மிச்சம் இல்லை. இந்த நிலை வந்தால்தான் மூலம் கிடைத்தது என்று எழுதலாம்.

'யாஷுவா' என்று 'யா'வை முன்னால் வைத்து, இதுதான் அசல் உச்சரிப்பு என்று வாதிடுபவர்களைச் சந்திப்பீர்கள். எபிரெயப் பழைய ஏற்பாட்டில் எங்கும் அப்படி ஒரு வடிவம் இல்லை. கிரேக்க ஈட்டாவும் அதற்கு எதிராகவே நிற்கிறது.

7. இப்போது பொருள்

பெயரின் பகுதிகளைப் பிரியுங்கள். முழு வடிவத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும், ஏனென்றால் சுருங்கிய வடிவத்தில் முதல் பகுதி சிதைந்துவிட்டது. 'யெஹோ' என்பது கடவுளின் நான்கெழுத்துப் பெயரான 'யாவே' என்பதன் சுருக்கம். யோசபாத், யோனத்தான் ஆகிய பெயர்களின் முழு எபிரெய வடிவங்களிலும் அது உண்டு. இதில் ஐயமில்லை.

இரண்டாம் பகுதியான 'ஷுவா'வில் அறிஞர்கள் ஒருமித்துப் பேசுவதில்லை. வழக்கமான விளக்கம், காப்பாற்று, விடுவி என்று பொருள்படும் 'யாஷா' என்ற வினை (எண் 3467). அப்படியானால் 'யாவே மீட்கிறார்' அல்லது 'யாவே மீட்பு'. ஆனால் சவுலின் மகன் மல்கிசூவா, தாவீதின் மகன் எலிசூவா ஆகியோரின் பெயர்களிலும் இதே ஷீன், வாவ், ஆயின் வருகின்றன. இவற்றை வைத்து, இது 'யாஷா' அல்ல, உதவி அல்லது மேன்மை என்ற பொருளுள்ள வேறொரு சொல் என்பாரும் உண்டு. அப்போது 'யாவே உதவி'.

எதை எழுதுவது? என் கருத்து, இரண்டையும் எழுதிவிட்டு, பண்டைய வாசகர்கள் எதை எடுத்துக்கொண்டார்கள் என்று தனியாகக் குறிக்க வேண்டும். அதற்குச் சான்று நன்றாகவே இருக்கிறது. ஓசேயா என்ற பெயர் சந்தேகமில்லாமல் 'யாஷா'விலிருந்து வருவது, எண்ணாகமம் 13:16 அதையும் யோசுவாவையும் பக்கத்தில் வைக்கிறது. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த யூத அறிஞர் அலெக்சாந்திரியாவின் ஃபிலோ, 'இயேசூஸ்' என்பதற்கு 'ஆண்டவரின் மீட்பு' என்றே பொருள் சொல்கிறார். சொற்பிறப்பு எதுவானாலும், கேட்டவர்கள் காதில் மீட்பு என்றே விழுந்திருக்கிறது.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. மீட்பு என்பதற்கான எபிரெயப் பெயர்ச்சொல் 'யெஷுவா', ஹேயில் முடிவது. ஆளின் பெயர் ஆயினில் முடிவது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் பழைய ஏற்பாட்டில் 'இரட்சிப்பு' என்று வருகிற ஒவ்வோர் இடத்திலும் இயேசுவின் பெயரே எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். உறவுள்ள சொற்கள்தான், ஒரே சொல் அல்ல. கடைசி எழுத்தைப் பாருங்கள்.

இன்னொன்று, கிரேக்கத்துக்குள்ளேயே பொருள் தேடுவது. குணப்படுத்து என்ற கிரேக்க வினை 'இயாவோமாய்'. ஒலி நெருங்கி வருவதால் பெயரோடு சேர்த்துப் பேசிய பழைய போதகர்கள் உண்டு. நான்காம் நூற்றாண்டில் எருசலேமின் ஆயராக இருந்த சிரில், எபிரெயத்தில் மீட்பர், கிரேக்கத்தில் குணமாக்குபவர் என்று விளக்கினார். போதனையாக அது அழகு. பெயரின் மூலமாக அதை எழுத முடியாது.

பலிபீடத் துணியிலும் நற்கருணைப் பேழையிலும் நாம் பார்க்கும் 'ஐஎச்எஸ்' பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது கிரேக்கப் பெயரின் முதல் மூன்று எழுத்துகள்: அயோட்டா, ஈட்டா, சிக்மா. நடுவில் 'எச்' போலத் தெரிவது பெரிய எழுத்தில் எழுதிய ஈட்டா. யெஹோஷுவாவின் 'ஹ' அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம்.

8. வசனத்தில் அந்தப் பொருளுக்கு வேலை உண்டா?

பெயருக்குப் பொருள் இருப்பதாலேயே, அது வருகிற ஒவ்வொரு வசனத்திலும் அந்தப் பொருள் பேசுகிறது என்று ஆகாது. இயேசு அக்கால யூதேயாவில் பரவலாக வைக்கப்பட்ட பெயர். கொலோசெயர் 4:11இல் யுஸ்து என்னப்பட்ட ஓர் இயேசு இருக்கிறார். அப்போஸ்தலர் 13:6இல் பர்யேசு என்ற மந்திரவாதி, அதாவது இயேசுவின் மகன். அந்த இடங்களில் யாரும் 'மீட்பு' என்று வியாக்கியானம் செய்வதில்லை, செய்யவும் கூடாது.

ஆசிரியரே சுட்டிக்காட்டுகிறாரா என்று பாருங்கள். மத்தேயு 1:21இல் 'ஏனெனில்' என்ற சொல் இருக்கிறது: இயேசு என்று பேரிடுவாயாக, ஏனெனில் அவர் தமது ஜனங்களின் பாவங்களை நீக்கி அவர்களை இரட்சிப்பார். பெயரையும் காரணத்தையும் ஆசிரியரே கட்டிவைக்கிறார். ஆச்சரியம் என்னவென்றால், கிரேக்கத்தில் 'இயேசூஸ்' என்பதற்கும் 'இரட்சிப்பார்' என்ற வினைக்கும் ஒலித் தொடர்பே இல்லை. பின்னால் உள்ள எபிரெயத்தை அறிந்தவருக்குத்தான் அந்த 'ஏனெனில்' விளங்கும். எபிரெயர் 7:2இல் மெல்கிசேதேக்குக்கு 'நீதியின் ராஜா' என்று விளக்கம் தருவதும் இதே வகை. இவற்றை உறுதியாக எழுதலாம்.

லூக்கா முதல் அதிகாரம் வேறு வகை. யோவான் என்றால் 'யாவே அருள்கூர்ந்தார்', சகரியா 'யாவே நினைவுகூர்ந்தார்'. எலிசபெத்தின் பெயரில் ஆணை என்ற சொல் இருப்பதாகப் பலர் கொள்கிறார்கள். 72, 73ஆம் வசனங்களில் இரக்கம், நினைவுகூர்தல், ஆணை மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. தற்செயல் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் லூக்கா 'ஏனெனில்' என்று எங்கும் சொல்லவில்லை. ஆகவே 'இருக்கலாம்' என்று மட்டுமே எழுத வேண்டும்.

வசனமே தரும் விளக்கமும் சொற்பிறப்பும் எப்போதும் ஒன்றாக இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். யாத்திராகமம் 2:10 மோசேயின் பெயரை 'இழுத்தெடு' என்ற எபிரெய வினையோடு சேர்க்கிறது. பெரும்பாலான அறிஞர்கள் அதை 'பிள்ளை' என்ற எகிப்தியச் சொல்லாகக் காண்கிறார்கள். குறிப்பில் இரண்டுக்கும் தனித்தனி வரி ஒதுக்குங்கள்.

9. பொருள் கிடைக்காத பெயர்: மரியாள்

இதே படிகளை மரியாளுக்குச் செய்து பாருங்கள். லூக்கா 1:27இல் கிரேக்க வடிவம் 'மரியாம்', விகுதி இல்லை. சில இடங்களில் 'மரியா' என்று கிரேக்க அச்சுக்குள் வந்து வேற்றுமை ஏற்கிறது. செப்துவஜிந்தில் தேடினால் யாத்திராகமம் 15:20இல் மோசேயின் சகோதரிக்கும் 'மரியாம்'. எபிரெயத்தில் மேம், ரேஷ், யோட், மேம்.

எபிரெயப் பிரதியில் இன்று படிப்பது 'மிர்யாம்', கிரேக்கத்தில் 'மரியாம்'. கிரேக்கம் தவறு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எபிரெய உயிர்க்குறிகள் கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்தே இடப்பட்டன, செப்துவஜிந்த் அதற்கு வெகுகாலம் முந்தையது. சிம்சோனும் கிரேக்கத்தில் 'சாம்ப்சோன்' என்று 'அ'வோடு நிற்கிறான். இப்படிப்பட்ட முதலசையில் 'அ' பழையது, 'இ' பிந்தியது.

மூலம் வரை தடையில்லாமல் வந்துவிட்டோம். பொருளுக்கு வந்தால் கசப்பு, கலகம் என்று எபிரெயத்திலிருந்தும், அன்புக்குரியவள் என்று எகிப்திய மொழியிலிருந்தும் விளக்கங்கள் வரிசையாக நிற்கின்றன. எதையும் நிலைநாட்டப் போதிய சான்று இல்லை. மரியாளுக்கு வழங்கும் 'கடலின் விண்மீன்' என்ற பட்டம்கூட, வேதாகமத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் அம்மொழியில் 'கடலின் துளி' என்று எழுதியது படியெடுக்கையில் ஓரெழுத்து மாறி வந்தது என்று கருதப்படுகிறது. இந்த மாதிரிப் பெயருக்குக் குறிப்பில் கிரேக்க வடிவம், எபிரெய வடிவம், வரும் வசனங்கள் மூன்றையும் முழுமையாக எழுதுங்கள். பொருள் என்ற இடத்தில் 'உறுதியாகவில்லை' என்று எழுதி, முன்வைக்கப்பட்ட விளக்கங்களை அதற்குக் கீழே தாருங்கள். பட்டியலில் நன்றாக ஒலிப்பதைத் தேர்ந்தெடுத்து முதல் வரியில் போடாதீர்கள்.